கீழே இருந்த நான்கு பத்திகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் நாளிதழின் தாளில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. கடுகைவிடச் சிறியவை. பங்குச் சந்தைப் பட்டியலிலும் நீச்சல் போட்டியின் நேரங்களிலும் அவை விழுந்தபோது வாசகர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார்கள். கல்கத்தாவில் ஓர் ஆங்கில நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு நான் துணை ஆசிரியர். அச்சுக்கூடத்தார் மையைக் குறை சொன்னார்கள். மை கொடுத்தவர் தாளைக் குறை சொன்னார். காரணத்தைச் சொன்னவர் எங்கள் கட்டடத்தின் மாடியில் குடியிருந்தவர்.

கட்டடம் லேக் கார்டன்ஸில், ரயில் கேட்டுக்கு அடுத்த தெருவில். நாங்கள் தரைத்தளம், அவர் இரண்டாம் மாடி. ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். நாற்பது வயதிருக்கும், தனியாக இருந்தார். பூர்வீகம் நாகர்கோவில், பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில். எங்களுக்குள் தமிழில்தான் பேச்சு. ஆனால் கட்டடம் முழுக்க அவரை வங்காள வழக்கப்படி தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒரு நாள் காலையில் புள்ளி விழுந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவர் ஊசியால் புள்ளியைக் குத்தி எடுத்து, கட்டைவிரல் நகத்தில் தேய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"மை இல்ல தம்பி. கரி."

"கரியா? எங்க ஆபீஸ்ல யாரு அடுப்பு வச்சிருக்கா?"

"உங்க தாள் எங்கேருந்து வருது?"

"கனடா. கிடர்பூர் துறைமுகத்துல வந்து எறங்கும்."

"அப்போ எரிஞ்ச காட்டு மரமா இருக்கலாம். தீ பட்டு நிக்கிற மரத்தையும் வெட்டிக் கூழாக்குறது உண்டு. பட்டையை உரிச்சாலும் கரி கொஞ்சம் ஒட்டிட்டு வரும். எதைப் போட்டாலும் வெளுக்காது." லென்ஸைக் கீழே வைத்தார். "இருக்கலாம்னுதான் சொன்னேன். உடனே பேப்பர்ல போட்டுறாதீங்க."

அவருக்கு அந்தக் காடு தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகையில் இரண்டு கோடைகள் கனடாவின் வடக்கே இருந்துவிட்டு வந்தவர். அவர் போவதற்கு முந்தைய ஆண்டு எரிந்துபோன ஒரு காட்டில், நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, அதற்குள் முளைக்கும் கன்றுகளை எண்ணுவது அவர் வேலை. கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற மரம். அதன் காய்கள் பிசினால் மூடிக்கொண்டு கிளை உச்சியில் ஆண்டுக்கணக்கில் தொங்குமாம். தீ வந்து மரம் செத்த பிறகு பிசின் உருகும், செதில்கள் விரியும், சாம்பல் மேல் விதை கொட்டும். அவருடைய புத்தக அலமாரியில் அப்படி ஒரு காய் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரியது, கல்லைப்போல் இறுகியிருந்தது.

"அந்தக் கயிறு கட்டின இடத்துக்கு மறுபடி போகணும்" என்றார். "போகாட்டி நான் எண்ணினது பாதிக் கணக்கு."

அழைப்பு இருந்தது. அங்குள்ள ஆராய்ச்சிக் குழு வரும் கோடைக்கு இடம் ஒதுக்கியிருந்தது. கல்லூரி விடுப்புதான் இல்லை. ஒரு தடவை நீண்ட விடுப்பில் போய்வந்தவருக்கு மறுபடி கொடுப்பதை நிர்வாகக் குழு முடிவு செய்ய வேண்டும். குழு ஏப்ரல் முதல் வாரம் சனிக்கிழமை கூடும். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு கனடாவின் காட்டை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது, அதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

"பேப்பர்ல எழுதுங்க" என்றேன். "உங்க குழுவுல எல்லாரும் ஞாயித்துக்கிழமை எங்க பேப்பரை வச்சுக்கிட்டுத்தான் டீ குடிப்பாங்க."

"முழுசாப் போடுவீங்களா?"

"ஒரு வார்த்தை போகாது."

இந்த வாக்கைக் கொடுத்தபோது நான் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தேன்.

கட்டுரை மார்ச் நடுவில் வந்தது. தட்டச்சு செய்த ஆறு பக்கம். பிழையில்லாத, நேரான ஆங்கிலம். தீ எப்படி அந்தக் காட்டைத் திட்டுத்திட்டாகப் புதுப்பிக்கிறது, முதல் கோடையில் ஊதாப் பூ பூக்கும் செடி எப்படிக் கரிநிலத்தை மூடுகிறது, காயின் பிசின் எப்படி உருகுகிறது, எல்லாம் இருந்தது. பதினொன்றாம் பத்தியின் கடைசி வாக்கியம்: தீ இந்தக் காட்டின் பகைவன் அல்ல, விதைப்பவன். படித்ததும் தலைப்பு கிடைத்துவிட்டது. அதற்குக் கீழே இன்னும் நான்கு பத்திகள் இருந்தன. அவற்றையும் படித்தேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அன்றைக்குப் பக்கம் செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். கட்டுரை முழுவதையும் நீளப் பட்டையாக ப்ரோமைட் என்ற புகைப்படத் தாளில் எடுப்பார்கள். கீழ்த்தளத்தில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில், ஒட்டுபவர் அதைப் பக்க அளவுக்கு வெட்டி ஒட்டுவார். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார். செய்தி என்பது முக்கியமானதை முதலில் சொல்லி முக்கியமில்லாததைக் கடைசியில் வைப்பது; எனவே கீழிருந்து வெட்டினால் எதுவும் கெடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. பத்து ஆண்டுகளாக அதைச் செய்து என் கை பழகியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஞாயிறு பக்கம் முடிகிற நேரம். மின்விசிறி விளம்பரம் ஒன்று கடைசியில் வந்து சேர்ந்தது. கீழ்த்தளத்திலிருந்து ஒட்டுபவர் கூப்பிட்டார். அவர் வங்காளி, எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன்; அவருக்கு எல்லோரும் மஷாய், அதாவது ஐயா. முப்பது ஆண்டுகளாக அதே மேசை.

"மஷாய், காடு நீளமா இருக்கு. ஃபேன் வந்திருக்கு. என்ன பண்ணட்டும்?"

"எவ்வளவு போகணும்?"

"ஒரு சாண். நாலு பத்தி. வந்து பாக்கறீங்களா?"

என் கையில் பாதி தின்ற முட்டை ரோல் இருந்தது. எண்ணெய் முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. "கீழேருந்து எடுத்துருங்க" என்றேன்.

ஞாயிறு காலை கட்டுரை அழகாக இருந்தது. அதுதான் பிரச்சினை. வெட்டு விழுந்த இடத்தில் வாக்கியம் முடிந்திருந்தது, பத்தி முடிந்திருந்தது, ஒரு கட்டுரை எப்படி முடிய வேண்டுமோ அப்படி முடிந்திருந்தது. தீ பகைவன் அல்ல, விதைப்பவன். கீழே மின்விசிறி. பால் வாங்க வந்த இரண்டு பேர் என்னைப் பாராட்டினார்கள். தீதி இறங்கி வரவில்லை.

திங்கள் மாலை நானே மேலே போனேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் உள்ளே நடந்தார். கட்டுரையின் கார்பன் நகல் மேசைமேல் கிடந்தது. மேலே இருந்தது பன்னிரண்டாம் பத்தி. அதன் முதல் சொல் 'ஆனால்'.

"படிங்க" என்றார். "இப்பவாவது."

நின்றுகொண்டே படித்தேன். ஆனால் இதெல்லாம் தீ தன் இடைவெளியில் வரும்வரைதான் என்று அந்தப் பத்தி தொடங்கியது. கன்று வளர்ந்து, காய்த்து, உச்சியில் விதை சேர்த்துவைக்கப் பல ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் உருக வேண்டிய பிசினும் இல்லை, கொட்ட வேண்டிய விதையும் இல்லை. அடுத்த பத்தி தரையைப் பற்றியது. அந்தக் காட்டின் கார்பன் மரத்தில் இருப்பதைவிட அடியில் அதிகம்: மட்காத பாசியும் ஊசியிலையும் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காக, அதன் கீழே உறைமண். வறண்ட கோடையில் தீ மேலே ஓடாமல் கீழே இறங்கும். வாரக்கணக்கில் புகையும். காடு சேர்த்துவைத்ததெல்லாம் காற்றில் போய்ச் சேரும், அது உலகைச் சூடாக்கும், சூடு கோடையை இன்னும் நீட்டும். கடைசிப் பத்தி: இடைவெளி குறைகிறதா என்று எப்படித் தெரியும்? எரிந்த இடத்துக்குத் திரும்பப் போய் எண்ணினால் தெரியும்.

"இதைச் சொல்றதுக்குத்தான் மேல இருந்த பதினொண்ணும்" என்றார். "காலைல ஸ்டாஃப் ரூம்ல பிரின்ஸிபால் கையைக் குடுத்தார். 'தீ நல்லதுன்னு நிரூபிச்சுட்டீங்க மேடம், வேலை முடிஞ்சுதே, சந்தோஷம்!' கட்டிங்கை அவரே என் லீவ் ஃபைல்ல கோத்துட்டார்."

"கார்பன் நகலைச் சேர்த்துக் குடுத்தா?"

"குடுத்தேன். 'இதெல்லாம் டைப் மேடம், டைப் யார் வேணா எப்ப வேணா அடிக்கலாம். அச்சுல இருக்கறதுதான் கணக்கு.' வெள்ளிக்கிழமையோட ஃபைலை மூடிடுவாராம்."

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திருத்தம் போடுங்கள் என்று செய்தி ஆசிரியரிடம் போனேன். அவர் கட்டுரையைப் பென்சிலால் தட்டித் தட்டிப் படித்தார்.

"எந்த வாக்கியம் தப்பு?"

"எதுவும் தப்பில்ல. முடிவு இல்ல."

"திருத்தம் தப்புக்குத்தான். விட்டுப்போனதுக்கு இல்ல. விட்டதுக்கெல்லாம் திருத்தம் போட்டா நாளைக்குப் பேப்பர் முழுக்க நேத்துப் பேப்பர்தான் இருக்கும்."

வெட்டிவிட்டோம் என்று ஒரு வரி கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார். வாசகர் கடிதப் பகுதியில் மூன்று வாரம் வரிசை. நீங்களே கடிதம் எழுதினால் முன்னே தள்ளப் பார்க்கலாம் என்று தீதியிடம் சொன்னபோது, "நான் எழுதினதுக்கு நானே மறுப்பு எழுதணுமா? ரெண்டு நாக்குன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார்.

என்னால் உட்கார முடியவில்லை. மின்சாரம் போய் வந்துகொண்டிருந்த நாட்கள். மாலையில் மேகம் கூடும், புயல் வருகிற மாதிரி இருட்டும், ஒரு துளி விழாமல் கலைந்துவிடும். வீட்டுக்கு வருவேன், மாடியில் அவர் நடக்கும் சத்தம் கேட்கும், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏரிப் பக்கம் போவேன். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பத்துக் காரணம் சொல்லிக்கொள்வேன்: விளம்பரம், நேரம், வழக்கம். எல்லாம் சரியாக இருக்கும். ரயில் கேட்டுக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது.

அச்செழுத்தில் இருந்தால்தான் பிரின்ஸிபால் ஏற்பார் என்பதால், புதன்கிழமை கீழ்த்தளத்துக்குப் போய் அந்தப் பட்டையை மறுபடி எடுக்க முடியுமா என்று தாதாவைக் கேட்டேன்.

"மறுபடி எடுக்க ஸ்லிப் வேணும். கையெழுத்து வேணும். யார் போடுவா?" பிளேடை மேசையில் தட்டினார். "ஆனா வெட்டினது எங்க போகும்? ப்ரோமைட்ல வெள்ளி இருக்கு மஷாய். ஒரு துண்டும் குப்பைக்குப் போகாது. சாக்குல கட்டி வைப்போம், மாசக் கடைசில ஆள் வந்து எடுத்துப்பான்."

"சாக்கு எங்க?"

"கிடர்பூர் கிடங்குல. சனிக்கிழமை போச்சு." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு நாளைக்கு ஆஃப். வரேன். எது என் கை வெட்டினதுன்னு எனக்குத்தான் தெரியும்."

வியாழக்கிழமை காலை மூவரும் போனோம். தீதி கல்லூரிக்குச் சொல்லிவிட்டு வந்தார். கிடர்பூரில் கப்பல் நுழைகிறது என்று தூக்குப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் லாரிகள், பின்னால் கைவண்டிகள். முக்கால் மணி நேரம். தாதா பீடி பிடித்தார். தீதி கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"என்னைப் பாத்தாப் பாலம் எறங்குமா தம்பி?"

கிடங்கில் எங்கள் நாளிதழின் தாள் உருளைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். பழுப்புச் சுற்றுத்தாளில் ஆலையின் முத்திரை. கூடம் முழுக்க ஈர மரத்தின் வாசனை. தீதி ஒரு கிழிந்த உருளையின் பக்கம் போய் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் கையெழுத்துப் போட்டுக் காவலாளியிடம் சாக்கு வாங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"ஸ்ப்ரூஸ்தானா?" என்று கேட்டேன்.

"கூழான பிறகு எப்படித் தெரியும்?" என்றார். "சும்மா வச்சேன்."

சாக்கு மூன்று. தரையில் கொட்டினோம். வாழைப்பட்டை நறுக்கியதுபோல் ஆயிரக்கணக்கான துண்டுகள்: பாதித் தலைப்பு, கால்பந்து அணியின் இடது பக்கம், யாரோ ஒரு மந்திரியின் காது. எல்லாம் எங்கள் கை வெட்டியவை, பாதிக்கு மேல் நான் சொல்லி வெட்டியவை. தாதா குத்துக்காலிட்டு ஓரங்களைப் பார்த்தே ஒதுக்கினார். அவர் வெட்டு இடதுபக்கம் லேசாகச் சரியுமாம், மற்றவர்களுடையது நேராம். இரண்டாம் சாக்கில் பாதி தாண்டியதும் ஒரு துண்டை எடுத்துத் தூசி ஊதினார்.

"தீதி, இதா? ஆங்கிலம் எனக்கு வராது. எழுத்தளவு காட்டோடதுதான்."

ஒரு சாண் நீளம். மேலே 'ஆனால்'. நடுவில் யாருடைய செருப்பின் தடமோ. நான்கு பத்தியும் இருந்தன.

தீதி அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாதாவிடம் வங்காள மொழியில், "இவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கீங்களே, பாவி" என்றார். தாதா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை தீதி வீட்டு மேசையில் தாதாவே உட்கார்ந்து, ஞாயிறு பக்கத்தின் மின்விசிறிமேல் பட்டையைப் பொருத்தி ஒட்டினார். இணைப்பு தெரியவில்லை. "தெரியணும்" என்றார் தீதி. "ஒட்டினதுன்னு தெரியற மாதிரி ஒட்டுங்க. இல்லாட்டி அதுவும் பொய்." தாதா முணுமுணுத்துக்கொண்டே பிரித்து, ஒரு விரல் இடைவெளி விட்டு மறுபடி ஒட்டினார். கீழே என் பெயரும் பதவியும் எழுதி, அச்சுக்குப் போகுமுன் என் சொற்படி வெட்டப்பட்ட பகுதி என்று நான் கையெழுத்துப் போட்டேன். அனுமதி வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கோப்பை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அது பிரின்ஸிபால் கைக்குப் போனது.

மறு வாரம் சனிக்கிழமை கூட்டம் நடந்ததைத் தீதி அன்றைக்கே நடித்துக் காட்டினார். தலைவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, செருப்புத் தடத்தில் விரல் வைத்து, "இது என்ன மேடம்?" என்றாராம். பத்திரிகைக்காரரின் கால் என்று இவர் சொன்னாராம். தலைவர் நான்கு பத்தியையும் உரக்கப் படித்தாராம். ஆறு மாதம் கேட்டதற்கு மூன்றரை மாதம், சம்பளமில்லாமல். ஒரு கோடை. மே மாதத்தில் போனார், செப்டம்பர் தொடக்கத்தில் திரும்பினார். முளைகள் நின்றன, கயிற்றை முயலோ எதுவோ கடித்திருந்தது. கன்றுகளை எண்ணிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கல்லூரி அவரை விடவில்லை.

அடுத்த பத்து ஆண்டில் ஒளிமேசை போனது, தாதா ஓய்வு பெற்றார், பக்கங்கள் கணினிக்கு வந்தன. இடம் போதாத வரிகள் திரையின் கீழே சிவப்பில் நிற்கும், ஒரு விசை தட்டினால் போய்விடும், சாக்கில் சேராது. நான் எந்தக் கட்டுரையையும் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கப் பழகியிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைக் கேலி செய்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பூஜை விடுமுறைக்கு முன் காலையில் தீதி கீழே இறங்கி வந்தார். கையில் மின்னஞ்சலின் அச்சுப் பிரதி. தலை நரைத்திருந்தது.

"எரிஞ்சுடுச்சு தம்பி. என் இடம். இந்தக் கோடைல."

"மறுபடியுமா?"

"மறுபடியும். கன்னெல்லாம் இடுப்பு உயரம்கூட வந்திருக்காது. காய்ச்சிருக்காது." காகிதத்தை மடித்தார். "அடில பாசி வரைக்கும் எரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க. புல்லு வரலாம், பிர்ச் மரம் வரலாம்னு சொல்றாங்க. ஸ்ப்ரூஸ் வருமான்னு யாருக்கும் தெரியல."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் கணக்கைக் கேட்டிருக்காங்க. ரெண்டு தீக்கும் நடுவுல அங்க என்ன நின்னுச்சுன்னு எண்ணினது என் நோட்டு ஒண்ணுதானாம். வேற யாரும் அந்தப் பக்கம் போகலியாம்."

அந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தார். பச்சை அட்டை, மழையில் ஊறி உப்பிய ஓரம். ஒரு கன்றுக்கு ஒரு பென்சில் கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, பக்கம் பக்கமாக. அந்தக் கன்றுகளில் ஒன்றும் இப்போது இல்லை.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுக்கணும்" என்றார். "உங்க ஆபீஸ்ல எடுத்துத் தருவீங்களா? ஓரம் விடாம எடுக்கணும். சில பக்கத்துல கீழ் விளிம்பு வரைக்கும் எழுதியிருக்கேன்."

எடுத்துத் தருகிறேன் என்றேன். எட்டு மணி ரயில் போய்க் கேட் திறந்துகொண்டிருந்தது. அவர் நோட்டை என் கையில் கொடுத்தார். விடுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நான் கூட வரேன்" என்றார். "மெஷின் பக்கத்துல நின்னுக்கறேன்."